கீழே இருப்பவர்கள் எல்லாம் பச்சை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்கள் கேட்டு, முஹ்சினா திருதிருவென்று முழித்து, எதற்கு அந்தச் சங்கடம்? போன மாதம் விழுப்புரத்திலிருந்து பிரான்சிஸ் ஒரு வீடியோ அனுப்பினார். பழைய டிவிச் செய்தியில் ஒரு துண்டு. அதைப் பார்த்ததிலிருந்து முஹ்சினாவுக்கு எதிலும் மனம் ஓடவில்லை. எழுதினாலாவது தெளியும் என்று உட்கார்ந்தாள். எழுத எழுத, தெளிவாக இருந்த இரண்டொரு விஷயமும் கலங்கிப்போனது.

முஹ்சினா யார் என்று சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில் 'நஃபீசா மேட்சிங் சென்டர்' என்று ஒரு கடை இருக்கிறது. சேலையைக் கொண்டுபோனால் அதற்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், உள்பாவாடை, நூல்கண்டு எல்லாம் எடுத்துக் கொடுப்பார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் முஹ்சினா. நாற்பத்து நாலு வயது. போர்டில் இருக்கும் நஃபீசா பீவி அவளுடைய அம்மா. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருப்பார். முஹ்சினாவின் கதைகள் ஏழெட்டு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. இந்தக் கதையை எழுதுவதும் அவள்தான்.

அப்படியானால் 'நான்' என்று எழுதுவதற்கென்ன? 'நான்' என்றுதான் ஆரம்பித்தாள். மூன்றாவது வரியிலேயே அந்த 'நான்' மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. அதைத் தூக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டதும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிந்தது. நீங்களும் தள்ளியே நில்லுங்கள்.

எழுதுவது ஜாக்கெட் துணி சுற்றிவரும் அட்டைகளில். துணி விற்றுத் தீர்ந்ததும் அட்டை மிஞ்சும். ஓர் அட்டைக்கு ஓர் எண். இது முதல் அட்டை. இதன் முன்பக்கத்தில் அடித்துவிட்ட ஆரம்பங்கள் இருக்கின்றன:

'எங்கள் வீட்டுக்கு டிவி வந்த நாளில் தெருவே' (நிறுத்தினாள். தெருவே கூடி ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்த கதையை எழுதாதவர் தமிழ்நாட்டில் பாக்கி இல்லை. அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அதற்காக யாருக்கும் வயிற்றைப் பிசையாது.)

'என் அத்தா டிவியில் காணாமல்போனார்' (கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை இல்லை. காணாமல்போனது குவைத்தில். டிவியில் கிடைத்தார். கிடைத்தாரா என்பதுதான்

2

சரி, டிவியிலிருந்தே வருவோம்.

விழுப்புரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு தெருவில் வாடகை வீடு. அத்தா (அப்பாவை முஹ்சினா அப்படித்தான் கூப்பிடுவாள்) இப்ராஹிம் ஷாவுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். அம்மா பிறந்தது விழுப்புரம். அத்தா குவைத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகப் போனபோது, அம்மாவையும் முஹ்சினாவையும் அம்மாவுக்குப் பழகிய ஊரிலேயே வைத்துவிட்டுப் போனார். டிவியும் அவர் வாங்கி வைத்துவிட்டுப் போனதுதான். கறுப்பு வெள்ளை. மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், ஷட்டருக்கு ஒரு பூட்டு. அடுத்த லீவில் கலர் டிவி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் சமாளிக்க, கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் மாட்டியிருந்தது.*

* இந்த ஷீட்டைப் பார்க்காத வயசுக்காரர்களுக்கு: மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், கீழே பச்சை. ஆகாயம், மனுஷன், புல்தரை. உலகத்தில் எல்லாம் புல்தரையில்தான் நடக்கிறது என்று அதைச் செய்தவர் முடிவுகட்டியிருந்தார். கிரிக்கெட்டுக்கு அது சரியாகப் பொருந்தியது. மற்றபடி கோர்ட்டில் ஜட்ஜின் மேஜை பச்சை, கப்பல் போகும் கடல் பச்சை. செய்தி வாசிக்கும் அம்மாளுக்கு முடி நீலம், முகம் மஞ்சள், வாரம் ஏழு நாளும் பச்சைச் சேலை.

முதல் வாரம் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தெரிவதில்லை அல்லவா, அப்படி அந்த ஷீட்டும் யாருக்கும் தெரியாமல்போனது. அது தூசியை இழுக்கும். அம்மா தினமும் காலையில் அதைக் கழற்றி, அத்தாவின் பழைய பனியனை நனைத்துத் துடைத்து, திரும்ப மாட்டுவாள். (மேலே அம்மாவை 'வெட்டிக்கொண்டிருப்பார்' என்றும் இங்கே 'மாட்டுவாள்' என்றும் எழுதியிருக்கிறது. கடை அம்மாவுக்கு ஆர், வீட்டு அம்மாவுக்கு ஆள். இனிமேல் ஆள்தான்.)

ரயில்வே லைனை ஒட்டிய வீட்டில் இன்னொரு பேஜாரும் உண்டு. கூட்ஸ் வண்டி போனால் சுவர் அதிரும், மாடியில் ஆன்டெனா கம்பம் திரும்பிக்கொள்ளும், படம் போய்விடும். பக்கத்து வீட்டு பிரான்சிஸ்தான் மாடி ஏறித் திருப்பி வைப்பார். அப்போது அவர் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் ஆனவர். "எங்க டிபார்ட்மெண்டு வண்டிதானே கெடுத்துது, நானே சரி பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்.

3

குவைத்தில் யுத்தம் வந்த வருஷம். முஹ்சினாவுக்கு ஒன்பது வயது. அத்தாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்து தப்பித்து கோட்டக்குப்பம் வந்து சேர்ந்த ஒருவர், இப்ராஹிம் ஷா இருந்த ஸ்டோர் எரிந்துபோனது, அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னார். அந்த 'யாரும் பார்க்கவில்லை', பஸ் ஏறிக் கண்டமங்கலம் தாண்டுவதற்குள் 'மவுத்தாகிவிட்டார்' என்று மாறிவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் அத்தாவின் அண்ணன் ஜகபர் சாதிக். முஹ்சினாவுக்குப் பெரியத்தா. கையில் ஒரு மஞ்சப்பை. பையில் ஒரு வெள்ளைச் சேலை.*

* கணவன் இறந்தால் வெள்ளை கட்ட வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஊர் வழக்கம். இப்போது பலரும் விட்டுவிட்டார்கள். அப்போது விடவில்லை.

வெள்ளை கட்டுவது, நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருப்பது, வீட்டைக் காலி செய்துகொண்டு கோட்டக்குப்பத்தில் பெரியத்தா வீட்டுக்குப் போய்விடுவது. மூன்றையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். சாயங்காலம். அம்மா அழவில்லை. அத்தா கடைசியாக ஊரிலிருந்து கிளம்பியபோது அம்மா தைத்துக் கொடுத்த கிளிப்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அந்தத் துணியில் மீந்ததில் முஹ்சினாவுக்கு ஒரு பாவாடை. அதைத்தான் அன்றைக்கு அவள் கட்டியிருந்தாள். (கட்டியிருந்தாளா? கதைக்காக இப்போது கட்டிவிட்டதா? தெரியவில்லை. இருக்கட்டும்.)

"நியூஸ் மட்டும் பாத்துடறேன் மச்சான். அப்புறம் நீங்க சொல்றத கேக்கறேன்," என்றாள் அம்மா.

ஷட்டரைத் திறந்தார்கள். குவைத்திலிருந்து வந்தவர்கள் பம்பாயில் இறங்கியதைக் காட்டப்போகிறோம் என்று செய்தி வாசிக்கும் நீல முடிக்காரம்மா சொல்லவும், கூட்ஸ் வண்டி போகவும் சரியாக இருந்தது. படம் போய்விட்டது. பிரான்சிஸ் மாடிக்கு ஓடினார்.

"தெரியுதா?"

"புள்ளி புள்ளியா வருது!"

"இப்போ?"

"வருது, வருது! அப்பிடியே விடு! கைய எடுக்காத!"

பிரான்சிஸ் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடியிலேயே நின்றுவிட்டார். கீழே திரையில் விமான நிலையம், தள்ளுவண்டிகள், தாடி வளர்ந்த ஆண்கள். கேமரா ஒருவர் பக்கம் போய், நெஞ்சு வரைக்கும் காட்டி, அவர் கழுத்தைத் திருப்பியதும் நகர்ந்துவிட்டது.

அம்மா எழுந்து நின்றாள். "அதோ! பச்ச சட்ட! நான் தச்ச சட்ட! அவருதான் மச்சான், அவருதான்!"

பெரியத்தா திரும்பிப் பார்ப்பதற்குள் செய்தி வேறெங்கோ போய்விட்டது. "நீ பாத்தியா?" என்று முஹ்சினாவைக் கேட்டார். அவள் பச்சையைப் பார்த்திருந்தாள். "பச்ச சட்ட" என்றாள். அத்தா என்று சொன்னாளா என்பது மட்டும் எத்தனை யோசித்தாலும் பிடிபடவில்லை.

பெரியத்தா மஞ்சப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார்.

அத்தா வரவில்லை. அந்த மாதமும் வரவில்லை, அந்த வருஷமும் வரவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். ஆனால் உயிரோடு பம்பாயில் இறங்கியவனுக்கு எப்படி வெள்ளை கட்டுவது? அம்மா கட்டவில்லை. ஜாக்கெட் துணியை மூட்டையாகக் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றாள். பிறகு திண்டிவனத்தில் கடை போட்டாள். இன்று வரைக்கும் அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று கட்டிக்கொண்டிருக்கிறாள்.

4

இந்த அட்டையில் ஒரு சந்தேகம் மட்டும்.

முதல் வரைவில் பெரியத்தா வில்லனாக இருந்தார். மீசையெல்லாம் வைத்து, குரலைக் கரகரப்பாக்கி, முஹ்சினா நன்றாகவே செய்திருந்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. அவருக்கு மீசையே கிடையாது. அன்றைக்கு வாசலில் செருப்பைப் போடும்போது அவர் கால் தடுமாறியது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கேட்டு ஓவென்று அழுதார். அப்புறம் அவர் ஒவ்வொரு பெருநாளுக்கும் முஹ்சினாவுக்குத் துணி எடுத்து அனுப்பினார். அந்த வெள்ளைச் சேலையைக் கொடுமைக்காகக் கொண்டுவரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ய வந்தார்.

இதனால் கதைக்கு எதிராளி இல்லாமல்போனது. நல்ல மனிதர்கள் சேலையோடு வந்து நிற்கும் கதையை எப்படி நடத்துவது என்று முஹ்சினாவுக்குத் தெரியவில்லை. வில்லன் இல்லாவிட்டால் படிக்க மாட்டேன் என்பவர்கள் அந்தக் கூட்ஸ் வண்டியை வைத்துக்கொள்ளலாம்.

5

ஐந்தாம் அட்டை காணோம்.

கடையில் அவசரத்துக்கு அதில் ரோஸ் கலர் ரூபியா துணியைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். மேல்மலையனூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் மொத்தமாகக் கேட்டாராம், அட்டையோடு கொடுத்தனுப்பிவிட்டார்கள். அதில்தான் அத்தா எப்படி இருப்பார், எப்படிச் சிரிப்பார் என்று எழுதியிருந்தது. மறுபடி எழுதிப் பார்த்தாள். வேறொரு அத்தா வந்தார். மூன்றாவது தடவை எழுதியபோது அவர் கொஞ்சம் கடைத் தையல்காரர் மாதிரி ஆகிவிட்டார். விட்டுவிட்டாள்.

ஆகவே இந்தக் கதையில் அத்தாவுக்கு முகம் இல்லை. மன்னிக்க வேண்டும்.

6

கலர் டிவி வந்தது திண்டிவனத்தில், முஹ்சினாவின் பதினாறாம் வயதில். அத்தா கொண்டுவரவில்லை, அம்மாவே கடை லாபத்தில் வாங்கினாள்.

கொண்டுவந்து வைத்தவர் பட்டனைத் திருகியதும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசித்தவர் அரக்குச் சேலை கட்டியிருந்தார். முடி கறுப்பு. அடுத்து ஏதோ கூட்டத்தைக் காட்டினார்கள். ஒருத்தர் வெள்ளைச் சட்டை, ஒருத்தர் கோடு போட்டது, ஒருத்தர் நீலம், ஒரு மஞ்சள்.

"பாரேன், ஆளாளுக்கு வேற வேற கலர் போட்டுக்கினு இருக்காங்க!" என்று அம்மா கையைத் தட்டிச் சிரித்தாள்.

முஹ்சினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருஷம் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று அந்த நிமிஷம் தோன்றியது. பழைய பெட்டியில் நெஞ்சு வரைக்கும் காட்டிய எல்லோருக்கும் சட்டை பச்சை. பம்பாயில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் பச்சை. அவர்களைப் பிடித்துத் தள்ளிய போலீஸ்காரருக்கும் பச்சை. அன்றைக்கு அத்தாவைத் தேடியிருந்தால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருமே அத்தா.

அவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் சேலையெல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகிவிடும் என்று பயந்தாள். அம்மாவுக்கு அது தோன்றவே கூடாது என்று வருஷக்கணக்கில் வேண்டிக்கொண்டாள். பழைய டிவியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் காபி போடுகிறேன் என்று எழுந்துவிடுவாள், அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு.

7

இப்போது அந்த வீடியோ.

பிரான்சிஸ் ரிடையர் ஆகிவிட்டார். அன்றைக்கு மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அந்தத் தெருவில் அந்தச் செய்தியைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். அது அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போனில் பழைய செய்திகளைத் தேடுவது வேலையாகிவிட்டது. போன மாதம் கிடைத்துவிட்டது.

"பாப்பா, அதே நியூஸு. அக்காகிட்ட காட்டு," என்றார். "ஒண்ணு தெரியுமா? அது கலர்ல எடுத்தது. அப்பவே கலர்லதான் அனுப்பிக்கினு இருந்தாங்க. நம்ம பெட்டிதான் கருப்பு வெள்ள."

யோசித்தால் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் முஹ்சினாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தச் சட்டைக்கு நிஜமாகவே ஒரு கலர் இருந்திருக்கிறது. அது வானத்தில் வந்து, விழுப்புரத்துக் கம்பத்தில் இறங்கி, பெட்டிக்குள் போய் மறைந்துவிட்டிருக்கிறது. இப்போது அவள் போனில் இருக்கிறது.

பார்த்தாள். தள்ளுவண்டிகள், தாடிகள், அந்த மனிதர். முகம் திரும்பியபடி, கலங்கலாக. அத்தாவாக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். சட்டையின் கலர்? இருபது வருஷமாகக் கலர் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. பழைய டேப், கலர் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தது. கடையிலிருந்த துணித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ராமர் நீலம் மாதிரி இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் பாசிப்பச்சை. குறைத்தால் யானைக்கலர்.

நீங்கள் கேட்கலாம்: பச்சை என்று வந்தால் சந்தோஷம்தானே? இதுதான் முஹ்சினாவை ஆட்டிவைப்பது. பச்சையாக இருந்தால் அது அத்தா. அப்படியென்றால் அவர் உயிரோடு வந்து இறங்கி, விழுப்புரத்துக்கு ரயில் ஏறாமல் வேறெங்கோ போய்விட்டவர். விட்டுவிட்டுப் போனவர். பச்சை இல்லையென்றால் அவர் குவைத்தில் எரிந்துபோனவர், ஆனால் கடைசி வரைக்கும் நல்ல அத்தா. அம்மாவுக்கு அவர் உயிரோடு வேண்டும். முஹ்சினாவுக்கு, சொல்லவே நாக்கு கூசுகிறது, அவர் இறந்திருக்க வேண்டும். ஒரே சட்டையை வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள், அம்மாவுக்குத் தெரியாமலே.

8

முடிவுகள். மூன்று யோசித்தாள்.

அ. காட்டவே வேண்டாம். அழித்துவிடலாம். (பிரான்சிஸ் சும்மா இருப்பாரா? "அக்கா, பாத்தீங்களா?" என்று ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.)

ஆ. காட்டலாம். அம்மா பார்த்து, "இது அவரு இல்ல" என்று சொல்லி, மெதுவாக எழுந்து பீரோவைத் திறந்து (இதை எழுதும்போது அட்டை முனையைக் கிழித்துவிட்டாள். இந்த முடிவு கிடையாது.)

இ. முஹ்சினாவின் மகள் ஷிஃபா காலேஜில் படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டவள், "இவ்ளோதானேம்மா, சட்டைய பச்சை பண்றது ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். செய்தும் கொடுத்துவிட்டாள். கிளிப்பச்சை. பளிச்சென்று இருந்தது. கூடவே பக்கத்திலிருந்த சூட்கேஸும் போலீஸ்காரரின் பாதி மீசையும் பச்சையாகிவிட்டன. முஹ்சினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. மறுபடியும் அதே ஷீட்டை மாட்டியாகிவிட்டது, இந்தத் தடவை தெரிந்தே.

"அழிச்சிடு," என்றாள்.

"பாட்டிக்கு சந்தோஷமா இருக்கும்மா."

"அழிச்சிடுடி."

9

முடிவு ஈ. இது நடந்தது.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள். வாடாமல்லிக் கலர் சேலை.

"அம்மா, பிரான்சிஸ்ணா ஒரு வீடியோ அனுப்பிச்சிருக்காரு."

"இன்னா வீடியோ?"

"அன்னைக்கி நியூஸ்ல வந்துச்சே. குவைத்துல இருந்து வந்தவங்க."

அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். அவசரப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினாள். போன வருஷம் அவளுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் இன்னும் நடக்கவில்லை. "இது கலர் டிவி, இது பழைய பெட்டி" என்று ஒவ்வொரு கண்ணாகக் காட்டிச் சிரிப்பாள். வலது கண்ணுக்கு எல்லாம் நீலம் பூத்தாற்போலவும், இடதுக்கு எல்லாம் பழுத்தாற்போலவும் தெரியுமாம்.

முதலில் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். "திருப்பிப் போடு." இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "இன்னொரு வாட்டி." வலதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டியூப்லைட்ல கலர் பாக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்," என்றாள் அம்மா. "வெளிய எடுத்துக்கினு வா."

துணிக்கு அதுதான் கடையின் சட்டம். டியூப்லைட் பொய் சொல்லும். சேலையையும் ஜாக்கெட் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒட்டி வைத்துப் பார்த்தபிறகுதான் வெட்டுவார்கள். அம்மா போனைத் துணித்துண்டு பிடிப்பதுபோல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். முஹ்சினாவும் பின்னால் போனாள். நல்ல வெயில். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அம்மா போனை வெயிலில் காட்டினாள். திரை கறுத்துப்போனது. முஹ்சினா வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினாள். ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் அம்மாவின் முகமும், அதற்குப் பக்கத்தில் தன்னுடைய முகமும், கீழே வாடாமல்லிச் சேலையின் தலைப்பும்தான் தெரிந்தன. வீடியோ ஓடி முடிந்த சத்தம் மட்டும் கேட்டது.

"ம்," என்றாள் அம்மா.

"ஒண்ணும் தெரியலம்மா. நெழலுக்கு வா."

"போதும்."

"இன்னாம்மா போதும்? சட்ட கலரு பாக்கணும்னியே?"

"சட்ட கலரு இன்னாத்துக்கு?" அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த ஷீட்ட தினமும் கழட்டித் தொடச்சது யாரு? நான்தானே. கீழ இருக்கறவங்க எல்லாம் பச்சதான்னு எனக்குத் தெரியாதா?"

கலர் டிவி வந்த நாளிலிருந்து மூடி மூடி வைத்தது, காபி போட எழுந்தது, எல்லாம் எதற்கு?

"அப்போ, அது அத்தா இல்லியா?"

"நான் எப்போ இல்லன்னேன்?"

"நீதானேம்மா பச்ச சட்டன்னு…"

"சட்ட உங்க பெரியத்தாவுக்கு சொன்னது. அவருக்கு எதையாவது காட்டணும். பை வெச்சிக்கினு நிக்கிறாரு. எம் புருஷன எனக்குத் தெரிய சட்ட இன்னாத்துக்கு?"

"அப்போ அவருதான்னு பாத்தியா? மூஞ்சி தெரிஞ்சிதா?"

அம்மா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

முஹ்சினா விடவில்லை. "உயிரோட வந்து நம்மள விட்டுட்டுப் போய்ட்டாரா, இல்ல அங்கியே போய்ட்டாரா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. எனக்கு ஒண்ணு வேணும்."

"நீ ரெண்டுல ஒண்ணு கேக்கற. நான் ரெண்டும் இல்லாமதான் இத்தினி வருஷம் கட நடத்திக்கினு வர்றேன். அன்னைக்கி ஒண்ணு வேணும்னு கேட்டிருந்தா, பெரியத்தா வீட்டு அடுப்படியில இருந்திருப்பேன். நீயும் இருந்திருப்ப."

* இந்த இடத்தில் முஹ்சினா ஒரு குறிப்பு எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். வெயிலில் போன் தெரியாது என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஷிஃபா காலேஜ் வாசலிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டால், "வெயில்ல ஒண்ணும் தெரியல, நெழலுக்குப் போடி" என்று கத்துகிறவள் அவள். அப்படியானால் அன்றைக்கு வாசலுக்கு இறங்கியது துணி பார்க்கும் பழக்கத்திலா? பார்க்க வேண்டாம் என்றா? அல்லது உள்ளேயே பார்த்தாகிவிட்டதா, எந்தக் கண்ணாலாவது?

10

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பொன்னி என்று ஒரு பெண் சேலையோடு வந்தாள். தங்கைக்குக் கல்யாணமாம். "மயில்கழுத்துக்கு மேட்சா ஜாக்கெட் குடுங்கக்கா, ஜல்தி, பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள். அம்மா நான்கு துண்டுகளை உருவி அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், வெயிலில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். எதுவும் நடக்காதது மாதிரி.

துணியை வெட்ட உள்ளே வந்தபோது, கல்லாவில் முஹ்சினாவுக்கு முன்னால் கிடந்த அட்டையை அம்மா பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முதல் வரியைப் படித்திருக்க வேண்டும்.

"இதத்தான் எழுதிக்கினு இருக்கியா?"

"ஆமாம்மா."

"அதுல சட்ட இன்னா கலர்னு போடப்போற?"

"தெரியலம்மா. நீ சொல்லு."

அம்மா மயில்கழுத்துத் துணியை அளந்து, கத்திரியை ஓட்டி, மடித்தாள்.

"எத வேணா போட்டுக்கோ," என்றாள். "வெள்ளன்னு மட்டும் போட்டுடாத."

ஆகவே இந்தப் பத்தாம் அட்டையில், விமான நிலையத்தில் கழுத்தைத் திருப்பும் அந்த மனிதரைப் பற்றிய கடைசி வாக்கியத்தில், ஓர் இடத்தை முஹ்சினா காலியாக விட்டிருக்கிறாள்: 'அவர் போட்டிருந்தது ………… சட்டை.' அந்த இடத்தை இனி நீங்கள்தான் பூர்த்தி செய்துகொள்ள வேண்டும். நீலம் போட்டால் முஹ்சினாவுக்கு அத்தா திரும்பக் கிடைப்பார், பச்சை போட்டால் அம்மாவுக்கு. கோடு போட்டதாகவும் இருக்கலாம், யானைக்கலராகவும் இருக்கலாம். அம்மா சொன்ன அந்த ஒரு கலரை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.